இரண்டாம் இடத்தில் பூட்டான்

பூட்டான் நாட்டின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. நான் அங்கே போனதில்லை, அங்கிருந்து யாரும் என் கடைக்கு வந்ததுமில்லை. ஆனால் போன வருஷம் மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம், பக்கத்துக் கடை லோகநாயகி.

அண்ணாமலை நகர் பக்கம் வந்தால் தீசிஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கும். நாலா ஊர்ப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்களும் அங்கே வருவார்கள். அதில் ஒன்று லோகநாயகி கம்ப்யூட்டர்ஸ். அதை ஒட்டி என் பைண்டிங் கடை. அவர் அடித்து முடித்ததை நான் தைத்து, ரெக்சின் அட்டை போட்டு, மேலே தங்க எழுத்தில் தலைப்பை அழுத்திக் கொடுப்பேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை பைண்டிங் என்பார். என் பெயர் இளவரசு என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததில்லை.

லோகநாயகிக்கு ஐம்பத்து நான்கு வயது. சிதம்பரத்தில் கோயிலுக்கு மேற்கே ஒரு சந்தில் வீடு. கணவர் தில்லைநாதன் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வந்தார் என்று சம்பளம் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறார். லோகநாயகி பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். மெஷினில் ஆரம்பித்து, கம்ப்யூட்டர் வந்ததும் அதற்கு மாறி, இதுவரை நானூறு தீசிஸுக்கு மேல் அடித்துவிட்டார். பொருளாதாரம், விலங்கியல், தத்துவம், மீன்வளம் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். “இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சா கை நின்னுடும் பைண்டிங்” என்பார். ஆனால் ஒரு எழுத்துப் பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. மூக்குத்திக்கும் வளையலுக்கும் ஆசைப்படாதவர், அந்தக் கர்வத்தை மட்டும் தினமும் அணிந்துகொண்டுதான் கடைக்கு வருவார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பட்டியல் என்று ஒன்று இருந்தால் அது ஏ, பி, சி, டி வரிசையில்தான் இருக்கவேண்டும். தேர்வாளர்கள் தீசிஸைக் கடைசியிலிருந்துதான் புரட்டுவார்கள், நூற்பட்டியல் வரிசை தப்பியிருந்தால் அங்கேயே முகம் சுளிப்பார்கள் என்று ஆரம்ப காலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது நூற்பட்டியலோடு நிற்கவில்லை. அவர் வீட்டு மளிகைச் சீட்டில் அரிசி முதலில் இருக்கும், வெல்லம் கடைசியில் இருக்கும். தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையில் உறவுமுறை பார்க்காமல் பேர் வரிசைப்படி அடித்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் விஸ்வநாதன் கடைசி ஆளாகப் போய், பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டார். “அவுரு பேரு வி-ல ஆரம்பிச்சா நான் இன்னா பண்ணுவேன்” என்று இவர் கேட்டார்.

இப்படி இருந்தவரிடம்தான் பாலகுமார் வந்து சேர்ந்தார். கடலூருக்கு இந்தப் பக்கம் செம்மங்குப்பத்துக்காரர். அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாலகுமார் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டே, வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி.க்குப் பதிந்திருந்தார். கல்லூரியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இந்தக் கதைக்கு வேண்டாம். ஆராய்ச்சித் தலைப்பு நீளமானது. தங்க எழுத்தில் அழுத்த எனக்கு ஆறு வரி ஆயிற்று. சுருக்கமாகச் சொன்னால், தெற்கிலும் தென்கிழக்கிலும் இருக்கிற பதினாறு ஆசிய நாடுகள் வெளியே விற்ற பேப்பர் சரக்கின் மதிப்பு 1995-இலிருந்து 2022 வரை எப்படி ஏறி இறங்கியது என்ற ஒப்பீடு.

முதல் நாள் அவர் லோகநாயகிக்கு அதை விளக்கினார். தொண்ணூற்றைந்தில் இருந்த டாலரும் இப்போது இருக்கிற டாலரும் ஒன்றல்ல, விலைவாசி ஏறியதைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

“நான் கட போட்டப்ப ரீம் நூத்திப் பத்து ரூபா” என்றார் லோகநாயகி. “இப்ப எரநூத்தி எம்பது. உள்ள இருக்கறது அதே ஐந்நூறு தாளு. வெல ஏறினதுக்காவ பேப்பர் ஜாஸ்தி வித்துச்சுன்னு சொல்லக்கூடாது. அதானே?”

“அதேதான்க்கா. அத நான் நாப்பது பக்கத்துக்கு எழுதியிருக்கேன்.”

தீசிஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பாலகுமாரும் அதிலிருந்து தப்பவில்லை. அட்டவணைகளை முதலில் அடிக்கக் கொடுத்துவிடுவார்கள். அச்சானதை வாங்கிக்கொண்டு போய், சௌகரியப்பட்ட போது அதைப் பார்த்துப் பார்த்து அத்தியாயத்தை எழுதுவார்கள். அவருக்கு வாரத்தில் இருபத்திரண்டு வகுப்பு. அட்டவணையைக் கொடுத்ததற்கும் அத்தியாயம் எழுதியதற்கும் நடுவில் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

அட்டவணை நான்கு புள்ளி ஏழு. அதில்தான் எல்லாம் நடந்தது. நாடுகளைப் பெரிய வியாபாரத்திலிருந்து சின்ன வியாபாரத்துக்கு என்று வரிசையாக அடுக்கி, எதிரே நான்கு ஆண்டுகளின் மதிப்பைப் போட்டிருந்தார் பாலகுமார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பத்தியை விட்டிருந்தார். லோகநாயகி பார்த்தார். இந்தோனேசியா, வியட்நாம், தாய்லாந்து, இந்தியா என்று ஒழுங்கில்லாமல் கிடந்தது. வழக்கம்போல ஏ, பி, சி, டி வரிசைக்கு ஒரு பொத்தானை அழுத்தினார். பெயரை ஒட்டி எண் இருந்தால் பெயர் நகரும்போது எண்ணும் கூடவே போகும். நடுவில் வெற்றுப் பத்தி இருந்ததால், இரண்டும் தனித்தனிக் குடித்தனம் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. பெயர்கள் மட்டும் இடம் மாறின. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இந்தோனேசியாவின் வியாபாரம் பங்களாதேஷுக்குப் போயிற்று. வியட்நாமுடையது பூட்டானுக்கு வந்தது. தாய்லாந்தின் மதிப்பு கம்போடியாவுக்கு. அவர் எடுத்துக்கொண்ட சரக்குகளில் இந்தியா நான்காவது. ஆங்கில எழுத்து வரிசையிலும் இந்தியா நான்காவதுதான். ஆகவே இந்தியா அசையவில்லை. நம் ஊரில் ஒரு அட்டவணையை எடுத்தால் எல்லாரும் இந்தியா இருக்கிற வரியைத்தான் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், ஆய்வுக் குழுவினர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து பாலகுமார் அந்த அச்சுத் தாளை விரித்து வைத்துக்கொண்டு அத்தியாயம் எழுத உட்கார்ந்தபோது, தொண்ணூற்றைந்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்த பூட்டான் இருபத்தேழே வருஷத்தில் இரண்டாம் இடத்துக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். திகைத்தார். திகைப்பு ஆராய்ச்சிக்கு நல்லது என்று வழிகாட்டி சொன்னார். பங்களாதேஷ் முதலிடம் பெற்றதற்கு அரைப் பக்கம் போதுமாக இருந்தது, ஜனம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டார். பூட்டானுக்குப் பதினோரு பக்கம் தேவைப்பட்டது. காட்டுப் பரப்பு, மன்னராட்சி, மலை ஓடைகளின் வேகம், மக்களின் மனநிறைவு எல்லாவற்றையும் வைத்து அந்த வளர்ச்சியை நிரூபித்தார். கடைசி வரிக்குப் போய்விட்ட வியட்நாமுக்காக ஒன்றரைப் பக்கம் வருத்தப்பட்டிருந்தார். காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இரண்டு சதவீதம்தான் வந்தது. உலகத்தில் அதுவரை யாரும் எழுதாததை அவர் எழுதியிருந்தார்.

ஐந்து பிரதி தைத்துக் கொடுத்தேன். வெளித் தேர்வாளர்களின் அறிக்கை வந்தது. பூட்டான் பகுதி இந்தத் துறைக்கே புது வெளிச்சம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜூன் பன்னிரண்டாம் தேதி கடலூர்க் கல்லூரியிலேயே வைவா என்று நாள் குறித்தார்கள். அன்றைக்கு வாயால் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால் டாக்டர். கல்லூரியில் ஜூன் முப்பது கெடு வைத்திருந்தார்கள். அதற்குள் பிஎச்.டி. முடிக்காதவர்களை வீட்டுக்கு அனுப்புவதாக நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியாகிவிட்டது.

மே கடைசியில் ஒரு நாள் காலை, வைவாவில் திரையில் காட்டுவதற்காக லோகநாயகி படம் தயாரித்துக்கொண்டிருந்தார். அட்டவணை நான்கு புள்ளி ஏழைப் பட்டை பட்டையாக வரைந்து, ஒவ்வொரு பட்டையின் தலையிலும் அந்த நாட்டுக் கொடியை ஒட்ட வேண்டும். மேசையில் அப்போதுதான் பிரித்த பேப்பர் ரீம். அதன் உறையில் இந்தோனேசியாவில் செய்தது என்று அச்சிட்டிருந்தது. அவர் இந்தோனேசியக் கொடியை ஒட்டவேண்டிய பட்டையோ ஐந்தாவதாகக் கூனிக் குறுகி நின்றது. இரண்டாவது பட்டை கூரையைத் தொட்டது. அதில் பூட்டான் கொடி.

“பைண்டிங்” என்று கூப்பிட்டார். “பூட்டான் பேப்பரு நீங்க பாத்திருக்கீங்களா?”

யோசித்தேன். “பூட்டான் லாட்டரி பாத்திருக்கேன் மேடம்.”

“நான் இருவத்தாறு வருசமா ரீம் ரீமா வாங்குறேன். இந்தோனேசியா வருது, தாய்லாந்து வருது, நம்மூருது வருது. பூட்டான்ல இருந்து ஒரு தாளு வந்து பாத்ததில்ல.”

பழைய கோப்புகளை அவர் அழிப்பதில்லை. பாலகுமார் முதன்முதலில் கொடுத்ததைத் தேடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவர் நெற்றியில் வேர்த்தது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. “நானூறு தீசிஸ்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலகுமார் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தார். கூட நானும் போனேன். துணைக்கு என்று அவர் நினைத்தார். அவர் உளறாமல் தடுக்கத்தான் நான் போனேன். அறிக்கை வந்தாயிற்று, நாள் குறித்தாயிற்று, படிக்க வேண்டியவர்கள் எல்லாம் படித்துப் பாராட்டியும் ஆயிற்று. யாருக்கும் வலிக்காத இடத்தில் எதற்குச் சொறிய வேண்டும் என்பது என் கட்சி. கடலூர் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரைக்கும் இதை எடுத்துச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாலகுமாரின் அம்மா பட்டம்மாள் எங்களை வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். டாக்டர் பட்டத்தை அடித்துக் கொடுத்த அம்மா என்று லோகநாயகியை எதிர்வீட்டுக்காரிக்கு அறிமுகம் செய்துவைத்தார். டீ கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். ஆறு வருஷமாக மகன் தீபாவளிக்குக்கூடப் புத்தகமும் கையுமாக இருந்ததையும், ஜூன் முப்பது கெடுவையும், வேலை நிலைத்ததும் பெண் பார்க்கப் போவதையும் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம் முறுக்கு எடுத்துவர உள்ளே போனார்.

லோகநாயகி அந்த இடைவெளியில் சொல்லிவிட்டார். நான் தடுக்க நேரமில்லை.

“எனக்குத் தெரியும்க்கா” என்றார் பாலகுமார்.

“என்னா தெரியும்?”

“பிப்ரவரிலியே தெரியும். ஒரு ஜர்னலுக்குக் கட்டுர எழுதலாம்னு பழைய டேட்டாவ எடுத்தேன். அப்பத்தான் பாத்தேன். அதுக்கு முன்னாடியே சப்மிட் பண்ணியாச்சு.” அவர் குரலை இறக்கினார். “பூட்டான எடுத்துட்டா தீசிஸ்ல ஒண்ணும் இல்லக்கா. திருப்பி எழுதினா மூணு மாசம், நாலு மாசம் ஆவும். வேல போயிடும். அத்தன பேரு படிச்சாங்க, ஒருத்தருக்கும் தெரில. நீங்களும் தெரியாத மாதிரியே இருந்துடுங்க. உங்க கால்ல வேணா வுழறேன்.”

பட்டம்மாள் முறுக்கோடு வந்துவிட்டார். லோகநாயகி ஒன்றை எடுத்துக்கொண்டார். “சரி தம்பி. நான் வாயத் தெறக்கல” என்றார். முறுக்கு நல்லா இருக்குது என்றும் சொன்னார். பஸ் ஏறித் திரும்பினோம். நான் நினைத்தது நடந்துவிட்டதால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை இருவரும் கடலூர் போனோம். மஞ்சக்குப்பத்தில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு, பத்தரைக்குக் கல்லூரிக்குப் போனோம். பாலகுமார் லோகநாயகியை முன்வரிசையில் உட்கார வைத்தார். கண்ணுக்கு முன்னால் இருந்தால் பயம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆள் இளைத்திருந்தார், கோட்டு யாரிடமோ இரவல் வாங்கியது போலத் தொங்கியது.

வைவாவில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அதனால் யாரும் எதையாவது கேட்டுவிடாமல் இருக்க, கேள்விகளைச் சீட்டில் எழுதி முன்கூட்டியே நண்பர்களிடம் கொடுத்துவைப்பது வழக்கம். எனக்கும் ஒன்று வந்தது. இந்த ஆய்வின் எல்லைகள் என்ன என்று நான் எழுந்து கேட்டேன். பாலகுமார் நான்கு எல்லைகளைச் சொன்னார். திருப்தி என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். லோகநாயகிக்குச் சீட்டு கொடுக்கவில்லை.

வெளித் தேர்வாளர் வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர். புது வெளிச்சம் என்று எழுதியவர் அவர்தான். பூட்டானைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அங்கே போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரவேண்டும் என்று தனக்கே ஆசை வந்துவிட்டது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லோகநாயகி மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் காப்பாற்றியே இருப்பார்.

கிழவர் முடிக்கப் போனவர், முடிக்கவில்லை. “இன்னொண்ணு சொல்லணும். முப்பத்தஞ்சு வருஷமா தீசிஸ் பாக்குறேன். இருநூத்தி நாப்பது பக்கம். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு இல்லாம இப்பதான் பாக்குறேன். யாரு டைப் பண்ணது?”

பாலகுமார் வேறு வழியில்லாமல் முன்வரிசையைக் காட்டினார். “எழுந்திரிங்கம்மா” என்றார் கிழவர். லோகநாயகி எழுந்தார். நாற்பது பேர் கை தட்டினோம். நானும் தட்டினேன். அவரை நான் இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், அவர் வேலைக்கு யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. அவர் முகம் கோணியது. சந்தோஷத்தில் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“ஒண்ணு இருக்குதுங்க சார்” என்றார்.

கை தட்டல் நின்றது.

“நூத்திப் பதினேழாம் பக்கம். அட்டவணை நாலு புள்ளி ஏழு. நான் நாட்டுப் பேர மட்டும் வரிச மாத்திட்டேன். எண்ணு மாறல. பூட்டானுக்கு நேரா இருக்கறது பூட்டானுது இல்லீங்க, வியட்நாமுது. ஒரிஜினல் என்கிட்ட இருக்குது. தப்பு என்னுது, தம்பியுது இல்ல.”

வழிகாட்டிப் பேராசிரியர்தான் முதலில் சுதாரித்தார். “சார், அவுங்க டைப்பிங் பண்றவங்க. சப்ஜெக்ட் அவுங்களுக்குத் தெரியாது. நாம மேல போலாம்” என்றார். நல்ல வழி காட்டினார், அதற்குத்தானே இருக்கிறார். கிழவர் பக்கத்தைப் புரட்டி எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போனார். இந்தியாவுக்கு அடுத்த வரிகளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. பிறகு பாலகுமாரைப் பார்த்தார்.

“இந்தம்மா சொல்றது சரியா?”

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். வழிகாட்டி அதைத்தான் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டைப்பிங் கடை அம்மாவின் பேச்சுக்கும் ஆறு பேராசிரியர் கையெழுத்துக்கும் நடுவில், அந்த ஹாலில் யாரும் டைப்பிங் கடையை நம்பியிருக்கமாட்டார்கள். பட்டம்மாள் கடைசி வரிசையில் புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். பாலகுமார் அந்தப் பக்கம் பார்த்தார். லோகநாயகி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“சரிதான் சார்” என்றார் பாலகுமார். “ஆனா தப்பு அவுங்களுது இல்ல. நடுவுல காலி பத்திய வுட்டது நான். பாத்த பிறகும் நாலு மாசமா சொல்லாம இருந்தது நான்.”

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான்காம் அத்தியாயத்தையும் முடிவுரையையும் திருத்தி எழுதி, திரும்ப ஒப்படைத்து, மறுபடி வைவா. குறைந்தது மூன்று மாதம். சாப்பாடு நாற்பது பேருக்குச் சொல்லியிருந்ததால் எல்லாரும் சாப்பிட்டார்கள். வெளித் தேர்வாளர் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பட்டம்மாள் லோகநாயகிக்கு எதிரே வந்து நின்றார்.

“எம் மொவன் வேல போச்சும்மா” என்றார். “எங்க ஊட்ல வந்து டீ குடிச்சிட்டு, சொல்ல மாட்டேன்னு வார்த்த குடுத்துட்டுப் போனியாமே.”

அந்தம்மா கேட்டது நியாயம். இலையில் வைத்த சோறு அப்படியே இருக்க, லோகநாயகி கையைக் கழுவிவிட்டு வந்தார்.

ஜூன் முப்பதாம் தேதி வேலை போயிற்று. கல்லூரிக்காரர்கள் சொன்ன சொல் மாறவில்லை. ஜூலை முழுக்க பாலகுமார் எங்கள் கடைக்கு வந்தார். பூட்டானின் பதினோரு பக்கமும் போயிற்று. வியட்நாமின் வருத்தம் தேவையில்லாமல் ஆயிற்று. லோகநாயகி பதினாறு நாட்டையும் எண்ணோடு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க, பாலகுமார் மூலத்தோடு ஒத்துப் பார்த்தார். பிறகு அவர் படிக்க, இவர் பார்த்தார். சரியான வரிசையில் கிடைத்த முடிவு இதுதான்: வியட்நாம் மளமளவென்று வளர்ந்தது, அது எல்லாருக்கும் முன்பே தெரியும். இந்தியா தொண்ணூற்றைந்திலும் நான்காவது, இருபத்திரண்டிலும் நான்காவது. பூட்டானைப் பற்றிச் சொல்ல ஒரு வரிதான் இருந்தது. காப்பியடிப்புச் சோதனையில் இந்த முறை ஒன்பது சதவீதம் வந்தது. ஐந்து பிரதியையும் நான் திரும்பத் தைத்தேன். முனகிக்கொண்டுதான் தைத்தேன்.

அந்த மாதங்களில் லோகநாயகி சரியாகச் சாப்பிடவில்லை என்று தில்லைநாதன் என்னிடம் நேரம் வாரியாகச் சொன்னார். செய்தது சரி என்று லோகநாயகிக்குத் தெரியும். ஆனால் பாலகுமார் கடைக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவார், ஏதோ குற்றவாளி மாதிரி. அதைப் பார்க்க எனக்குக் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாமல் பிசின் டப்பாவை நகர்த்தி வைப்பேன்.

நவம்பரில் இரண்டாவது வைவா முடிந்து, பட்டம் உறுதி என்று கடிதம் வந்தது. பாலகுமார் ஒரு டப்பா லட்டோடு வந்தார். லோகநாயகி வழக்கம்போல எழுந்து நின்றார். லட்டை வாங்கவில்லை.

“வேல?” என்றார்.

“தேடிக்கினு இருக்கேன்க்கா. இப்ப டியூஷன் எடுக்குறேன்.”

“நான் அன்னிக்கு வாய மூடிக்கினு இருந்திருந்தா உனக்கு வேல இருந்திருக்கும் தம்பி. அது என்னிய அறுத்துக்கினே இருக்குது.”

இல்லை என்று பாலகுமார் மறுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

“இருந்திருக்கும்தான்” என்றார். “பூட்டான் இருந்த மொத புக்க நான் பீரோவுல வெச்சுப் பூட்டியிருந்தேன்க்கா. யார்னா வந்தா அம்மா எடுத்துக் காட்டிடும்னு பயந்துக்கினு சாவிய காலேஜிக்கே எடுத்துக்கினு போவேன். இப்ப புதுசு டிவிக்குப் பக்கத்துல கெடக்குது. வர்றவங்க எடுத்துப் பொரட்டுறாங்க. நானும் பக்கத்துலயே உக்காந்து சாப்புட்டுக்கினு இருக்கேன்.”

லோகநாயகி உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, டப்பாவைத் தன் பக்கம் இழுத்து ஒரு லட்டை எடுத்துக் கடித்தார்.